பெரியவரின் பிறந்த தேதி

பெரியவரின் பிறந்த தேதி என்ன என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது.

ஃபோர்மேன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு தலையைத் தூக்கி, கூடத்தின் கோடியில் நின்ற பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தடால் என்று ஒரு தடவை மூடித் திறந்தார்.

பெரியவர் ஓர் இயந்திரம்.

அட்டையை வெட்டி, மடிப்புக் கோடு போட்டு, காலணிப் பெட்டிக்குத் தயார் செய்கிற பஞ்சிங் இயந்திரம். இரண்டு இரும்புப் பலகைகள் புத்தகம் போல மூடித் திறக்கும். ஒன்றில் பெட்டியின் வடிவத்தில் எஃகுத் தகடுகள் கூர் தெரிய நிற்கும். திறந்திருக்கும்போது அட்டையை உள்ளே வைத்துக் கையை எடுத்துவிட்டு, காலால் மிதியை அழுத்த வேண்டும். மூடும், வெட்டும், திறக்கும். அடுத்த மிதிக்குக் காத்திருக்கும். காத்திருக்க வேண்டும் என்பது விதி. பெரியவருக்கு இப்போதெல்லாம் விதி மறந்துபோகிறது. யாரும் மிதிக்காமலே இன்னொரு தடவை மூடிக்கொள்கிறார். தினமும் இல்லை. வாரத்தில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரம்.

அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஃபோர்மேன் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் பெரியவர்தான். மரியாதை குறைத்துப் பேசினால் அன்று முழுக்க அட்டையைக் கிழிப்பார் என்று கூடத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் யாரும் 'அது' என்று சொல்வதில்லை. "அவர் சூடாயிட்டார்", "அவருக்கு எண்ணெய் குடுத்தாச்சா", "மத்தியானம் படுத்துட்டார்" என்றுதான் பேச்சு. சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. தலைமை அலுவலகத்துக்கு எழுதின கடிதத்திலும் அப்படியே வந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கடிதம் எழுதியது ஃபோர்மேனின் மனைவி. ஃபோர்மேனின் கையெழுத்து அவருக்கே இரண்டு நாள் கழித்துப் புரியாது. எனவே அவர் சொல்ல, அவள் எழுதினாள். "பெரியவர் நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஓய்வின்றி உழைத்துவிட்டார். இனி அவரால் முடியாது. டீச்சர் அவர் பக்கத்தில் பயந்து பயந்து நிற்கிறார். தயவு செய்து அவருக்குப் பதிலாக வேறு ஏற்பாடு செய்யவும்." எழுதி முடித்ததும் வீட்டில் கிடந்த ஒரே உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். அது விடுப்பு விண்ணப்பம் அனுப்புகிற உறை. முகவரி முன்பே அச்சடித்திருந்தது: பணியாளர் பிரிவு.

டீச்சர் என்பது பெரியவரிடம் அட்டை வைக்கிற பெண். பள்ளிக்கூடத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. அட்டைகளை வாய்விட்டு எண்ணுவாள், நடுவில் யாராவது பேசினால் முறைப்பாள். அதனால் டீச்சர். போன மாதம் எண்ணூற்றுப் பன்னிரண்டாவது அட்டையில் பெரியவர் சொல்லாமல் மூடினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். நடுவிரலின் நக நுனி மட்டும் உள்ளே போய்விட்டது.

"நகம்தானேண்ணே, வளந்துடும்" என்றாள். பிறகு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலையில பொண்ணுக்குத் தலை பின்னணும். அவ முடிக்குப் பத்து விரலே பத்தாது."

ஃபோர்மேன் அன்று பெரியவரைக் கழற்றி, தேய்ந்த கிளட்சுக்குள் தகடு வைத்து இறுக்கினார். பத்து நாள் ஒழுங்காக இருந்தார். பதினோராவது நாள் மறுபடி மூடினார். இப்படி எத்தனை தகடு வைத்திருப்பார் என்று ஃபோர்மேனுக்கே கணக்கில்லை. இயந்திரப் பிரிவுக்கு ஒன்பது வருடத்தில் ஒன்பது கடிதம் போட்டிருக்கிறார். ஒன்பதுக்கும் ஒரே பதில்: ஓடுகிறதா? ஓடட்டும். அவர் இறுக்க இறுக்கப் பெரியவர் ஓடினார். ஓட ஓட அவர்கள் ஓடட்டும் என்றார்கள். சில நேரம் அவருக்குத் தோன்றும், டீச்சர் விரலுக்கு ஆபத்து பெரியவரால் இல்லை, தன்னால்தான் என்று.

ஃபோர்மேன் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஒரு பெண் குரல் எடுத்தது. அவசரமே இல்லாத குரல்.

"பணியாளர் பிரிவு, சொல்லுங்க."

"மேடம், பெட்டி ஃபேக்டரி ஃபோர்மேன் பேசறேன். பெரியவர் விஷயமா."

"கடிதம் படிச்சேன் சார். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

"அதுல ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு மேடம். அவர் மனுஷன் இல்ல."

"அப்படி உழைக்கிறவங்களை மனுஷன்னு சாதாரணமா சொல்லிட முடியுமா சார்."

"இல்ல மேடம். அவர் மெஷின்."

"புரியுது சார். நாற்பத்திமூணு வருஷம், ஒரு நாள் லீவு கிடையாது. மெஷின்தான்."

"நெஜமாவே மெஷின் மேடம். இரும்பு."

"இரும்பா இருந்தவர்தான். வயசு யாரை விட்டுது."

ஃபோர்மேன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மேடம், அவர் எடையே ரெண்டு டன்."

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"கடிதத்தோட அனுப்பின ஓய்வு ஃபாரத்துல எடைக்குத் தனியா ஒரு கட்டம் இருக்கு சார். அதுல எழுதிடுங்க" என்றது குரல். பிறகு, "டீச்சர்னு ஒருத்தரைப் பத்தி எழுதியிருந்தீங்களே, அவங்க எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க மேடம்."

"நல்லா இருக்காங்களா?"

"இதுவரைக்கும்."

"பிறந்த தேதியை மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று மாலை ஃபோர்மேன் மனைவியை மறுபடி உட்கார வைத்தார்.

"இந்தத் தடவை இயந்திரப் பிரிவுக்கு எழுது. 'இயந்திரம்'னு எழுது. 'அது'ன்னு எழுது."

"பெரியவர் கோவிச்சுக்க மாட்டாரா?"

"எழுதுடீ."

"என்னை மட்டும் 'டீ'. அவரை 'அவர்'" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

பதில் அதிசயமாக ஒரே வாரத்தில் வந்தது. ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் முறையாக 'ஓடட்டும்' இல்லாத பதில். மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் நல்ல மனிதர். காகிதத்தைக் கண்டால் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார். இப்போது மேசை மேல் இரண்டு காகிதம் இருந்தது: பிறந்த தேதி கேட்டது ஒன்று, புதிதாக வந்தது ஒன்று.

"படிங்க" என்றார்.

ஃபோர்மேன் படித்தார். "தாங்கள் குறிப்பிடும் இயந்திரம் ஆயுள் முடிந்ததால் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. இல்லாத இயந்திரத்துக்கு மாற்று இயந்திரம் வழங்க இயலாது. மேலும், இல்லாத இயந்திரத்தை எட்டு ஆண்டுகளாக இயக்கி வருவது குறித்து உரிய விளக்கம் தரவும்."

"ஒழுங்கா இருந்த சங்கதியைக் கிளறி விட்டுட்டீங்களே ஃபோர்மேன். இப்போ நாம இல்லாத மெஷினை ஓட்டிட்டிருக்கோம்."

"இருக்கு சார். சத்தம் கேக்குதே."

"எனக்குக் கேக்குது. பதிவேட்டுக்குக் கேக்கலையே."

கூடத்தில் பெரியவர் தடால் என்றார்.

மேனேஜர் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இதைப் பாருங்க. மெஷின்னு எழுதினா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கறான். ஆளுன்னு எழுதினா, பிறந்த தேதி கேக்கறான். எதுல மரியாதை இருக்கு?"

"ரெண்டாவதுல சார்."

"அப்போ அந்த வழியாவே போங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. கையெழுத்து கேட்டா மட்டும் கொண்டாங்க."

"பொய் சொல்றதா ஆயிடாதா சார்?"

"நீங்க எங்க பொய் சொல்றீங்க? அவர் ஆளுன்னு நீங்க சொன்னீங்களா? அவங்களாத்தானே நெனச்சுக்கறாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பொய்யே வேண்டாம்."

ஃபாரம் நான்கு பக்கம். சமையலறை மேசையில் பரப்பிக்கொண்டார்கள். ஃபோர்மேன் நகக்கண்ணில் இருந்த எண்ணெய் அழுக்கைக் குச்சியால் எடுத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"பிறந்த தேதி?"

"உடம்புல ஒரு பித்தளைத் தகடு இருக்கு. வருஷம் மட்டும்தான் தெரியுது."

"மாசமும் தேதியும் இல்லாம எப்படி? நம்ம கல்யாண நாளைப் போடட்டுமா? உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் போட்டுவிட்டாள்.

"தந்தை பெயர்?"

"அந்தத் தகட்டுல செஞ்ச கம்பெனி பேர் இருக்கு. கம்பெனி மூடி இருபது வருஷமாச்சு."

"காலமானார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "கூடப் பிறந்தவங்க?"

"ஒருத்தர். பழைய இரும்புக்குப் போயிட்டார்."

"அவரும் காலமானார். உடல்நலக் குறைவு?"

"மூட்டெல்லாம் தேய்மானம். அங்கங்க ஒழுகுது. சூடு தாங்கறதில்ல. சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

"எங்கப்பாவுக்கு எழுதற மாதிரியே இருக்கு" என்றாள். "எடை?"

"ரெண்டாயிரம் கிலோ."

அவள் எழுதினாள். கட்டம் சின்னது. ஒரு சுழியம் வெளியே தொங்கியது.

கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. "மாற்றாக நியமிக்கப்படுபவருக்கு வேண்டிய தகுதி."

ஃபோர்மேன் இதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வேகம் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. பலம் என்று நினைத்தார், அதையும் விட்டுவிட்டார்.

"கையைப் பார்த்தா நிக்கணும்" என்றார்.

அவள் ஃபாரத்தை நேராக்கிக்கொண்டாள். தெளிவான எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள்.

ஃபாரம் போன பத்தாம் நாள் கம்பெனி டாக்டர் வந்தார். வந்தார் என்றால், வாசல் வரைக்கும். அன்று அவருக்கு ஆறு தொழிற்சாலை பார்க்க வேண்டியிருந்தது. காரை விட்டு இறங்கவில்லை. மடியில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கி, "பெரியவர் எங்க?" என்றார்.

"உள்ள இருக்கார் சார். வெளிய வர முடியாது."

"நடக்க மாட்டாரா?"

"அவரால முடியாது சார். தரையோட சேர்த்துப் போல்ட் போட்டிருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தபோது கூடத்திலிருந்து சத்தம் வந்தது. டாக்டருக்கு முதல் பாதி மட்டும் கேட்டது.

"படுத்த படுக்கையா. சரி. நீங்களே சொல்லுங்க. வயசு?"

"நாற்பத்திமூணு."

"அவ்வளவுதானா?"

"வேலைக்குச் சேர்ந்து நாற்பத்திமூணு."

"அழுத்தம் எப்படி?"

"ஏறி ஏறி இறங்குது சார்."

"மூச்சு?"

"காலையில கிளம்பறப்போ இரைக்கும். சூடானா சரியாயிடும்."

"மறதி?"

"அதுதான் சார் பிரச்சினையே. ஒரு தடவை செஞ்சதை மறந்துட்டு மறுபடி செய்யறார்."

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். ஃபோர்மேனுக்குத் தன் மேலேயே ஓர் ஆச்சரியம். ஒரு வார்த்தை பொய்யில்லை.

"மத்தவங்களுக்குத் தொந்தரவு ஏதாவது?"

"மத்த யாருக்கும் இல்ல சார். டீச்சருக்கு மட்டும்."

"என்ன பண்றார்?"

"அவங்க கை உள்ள இருக்கும்போது சொல்லாம கொள்ளாம பிடிச்சுக்கறார்."

டாக்டரின் பேனா நின்றது. முதல் தடவையாக ஃபோர்மேனை நேராகப் பார்த்தார்.

"கையைப் பிடிக்கறாரா?"

"மூணு தடவை சார். போன மாசம் நகமே போயிடுச்சு."

"அந்தம்மா புகார் குடுக்கலையா?"

"வயசானவர், என்ன பண்றதுன்னு விட்டுட்டாங்க."

"நீங்க?"

"நான் அப்பப்போ இறுக்கி வைக்கறேன் சார். பத்து நாள் சரியா இருப்பார்."

டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். கார் போன பிறகுதான் தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று ஃபோர்மேனுக்கு உறைத்தது. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். ஓடிப்போய்ப் பிடிக்கிற தூரத்தில் கார் இல்லை.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. ஒன்பது வருடத்தில் ஒன்பது கடிதத்துக்கு வராத வேகம்.

மேனேஜர் அதை ஃபோர்மேன் கையில் கொடுக்கவில்லை. தானே படித்தார்.

"பெண் ஊழியரின் கையை மூன்று முறை பிடித்ததாக மருத்துவர் அறிக்கை வந்துள்ளதால், பெரியவர் என்பவர் இன்று முதல் பணி இடைநீக்கம் செய்யப்படுகிறார். அவர் வேலை செய்யக் கூடாது. மேற்படி பெண் ஊழியர் அவர் அருகே நிற்கவைக்கப்படக் கூடாது. ஓய்வு குறித்த நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. வியாழக்கிழமை புகார் கமிட்டி நேரில் விசாரிக்கும்."

"முடிஞ்சுது" என்றார் மேனேஜர். "ஓய்வாவது கெடச்சிருக்கும். அதையும் கெடுத்தாச்சு."

"நான் பொய் சொல்லல சார்."

"அதுதான் எனக்கும் புரியல. உண்மையே இவ்வளவு பண்ணுதே."

உத்தரவு உத்தரவுதான். பெரியவரின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். குறுக்கே கயிறு கட்டி, 'பணி இடைநீக்கம்' என்று ஒரு தாள் எழுதித் தொங்கவிட்டார்கள். கூடம் அமைதியாகிவிட்டது. வெட்டின அட்டை வராததால் மடிக்கிறவர்கள் மடிக்கவில்லை, ஒட்டுகிறவர்கள் ஒட்டவில்லை. பதினான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் சன்னல் கம்பியை எண்ணினாள்.

"அண்ணே" என்றாள். "ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்காதீங்க. மூணு தடவை அவர் கைமேல விழுந்தப்போ, 'பாத்து வேலை செய்யும்மா'ன்னு எனக்குத்தான் அட்வைஸ் பண்ணாங்க. அவர் ஆளுன்னு ஆனதும் அவருக்கு லீவு குடுத்துட்டாங்க பாத்தீங்களா."

ஃபோர்மேன் கயிற்றின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். அந்த அட்வைஸ் பண்ணினவர்களில் அவரும் ஒருவர்.

புதன்கிழமை மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது. வாசல் காவலாளிக்கு எழுபதை ஒட்டிய வயது, நரைத்த மீசை, பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

"நாளைக்கு ஒரு மணி நேரம் நீங்கதான் பெரியவர்" என்றார் மேனேஜர். "ஒரு நாற்காலியில உட்கார்ந்திருந்தா போதும். வாயைத் திறக்க வேண்டாம்."

காவலாளி மகிழ்ந்துபோனார். "அதுக்கென்ன சார். யார் வர்றா? மாலை போடுவாங்களா?"

ஃபோர்மேன் குற்றச்சாட்டு என்ன என்று சொன்னார். காவலாளி மெல்ல எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"மெஷினா நிக்கச் சொல்லுங்க, கயித்தக் கட்டிட்டு நிக்கறேன். இதுக்கு மாட்டேன். வீட்டுல தெரிஞ்சா எனக்கு அங்கயும் இடைநீக்கம்தான்."

அத்தோடு ஃபோர்மேனுக்குப் போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, இருந்த ஒரே நல்ல சட்டையை எடுத்துத் தேய்க்கச் சொன்னார்.

"எதுக்குங்க?"

"நாளைக்கு உண்மையைச் சொல்லிடறேன். எப்படியும் வேலை போயிடும். போறப்போ சட்டையாவது நல்லா இருக்கட்டும்."

அவள் தேய்த்தாள். கழுத்துப்பட்டையை இரண்டாவது தடவையும் தேய்த்தாள். "உண்மையைத்தானே நீங்க முதல் நாளே ஃபோன்ல சொன்னீங்க" என்றாள்.

"நம்பலையே."

"மறுபடி சொல்லுங்க. ரெண்டாவது தடவை சொல்றதுக்கு என்ன வெக்கம்."

வியாழக்கிழமை கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் நான்கைந்து பேர் காரில் வருவார்கள் என்று நினைத்திருந்தார்கள். ஒரே ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், பேருந்தில் வந்து இறங்கி, காகிதங்கள் பிதுங்கும் ஒரு தடிமனான கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள். பேசினவுடன் ஃபோர்மேனுக்குத் தெரிந்துவிட்டது. அவசரமே இல்லாத அதே குரல்.

"மேனேஜர் சார், நீங்க இருக்க வேண்டாம். பாதிக்கப்பட்டவங்களும் ஃபோர்மேனும் போதும்."

மேனேஜர் மறுபேச்சில்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மற்றவர்களும் வெளியே போனார்கள். கூடத்தில் மூன்று பேர். ஃபோர்மேன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மனப்பாடம் பண்ணி வந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"மேடம், பெரியவர் இவர்தான்" என்று கயிறு கட்டிய இயந்திரத்தைக் காட்டினார். "ஆள் கிடையாது. நான் முதல்லயே சொன்னேன். அழுத்திச் சொல்லியிருக்கணும். ஃபாரத்துல எழுதினது, டாக்டர்கிட்ட சொன்னது எல்லாம் நான்தான். இந்தம்மாவுக்கும் மேனேஜருக்கும் இதுல சம்பந்தமில்ல. என்னை என்ன வேணா பண்ணுங்க. ஆனா இந்தக் கயித்தை மட்டும் அவுக்கச் சொல்லாதீங்க."

அவள் பெரியவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தொங்கின தாளைப் படித்தாள். ஃபோர்மேனைப் பார்க்காமல் டீச்சர் பக்கம் திரும்பினாள். கோப்பை இடது கையால் அடியில் தாங்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

"எந்தக் கை?"

டீச்சர் திகைத்துப்போய் ஃபோர்மேனைப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். "இது மேடம்."

"எத்தனை தடவை?"

"மூணு. மூணாவது தடவைதான் நகம் போச்சு."

"அதுக்கு முன்னாடி ஏதாவது சத்தம் குடுத்தாரா?"

"குடுக்க மாட்டார் மேடம். அதானே பயம்."

"குடுக்க மாட்டார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுதினாள். "அவர் மேல உங்களுக்குக் கோவம் இருக்கா?"

டீச்சர் யோசித்தாள். "இல்ல மேடம். அவர் என்ன பண்ணுவார், வயசாயிடுச்சு. வீட்டுக்குப் போன்னு யாரும் சொல்லலையே."

அதையும் எழுதிக்கொண்டாள்.

ஃபோர்மேனுக்கு இது எங்கே போகிறது என்று புரியவில்லை. இந்த அம்மாள் இன்னும் ஆள் என்றே நினைக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். கண்ணால் பார்த்த பிறகுமா? காட்டினால்தான் புரியும் என்று தோன்றியது. கயிற்றை அவிழ்த்து, மின்சாரத்தைக் கொடுத்து, ஒரு நீளக் குச்சியால் அட்டையை உள்ளே வைத்தார். மிதித்தார். பெரியவர் மூடினார், வெட்டினார், திறந்தார், காத்திருந்தார். மறுபடி. மறுபடி. இருபது தடவை ஆயிற்று. முப்பது ஆயிற்று. பெரியவர் அத்தனை பணிவாகக் காத்திருந்தார். ஃபோர்மேனின் தேய்த்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒன்பது வருடமாக இறுக்கி இறுக்கி வைத்த தன் கைகளே இப்போது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது போல இருந்தது.

"நாற்பது" என்றாள் டீச்சர், பழக்க தோஷத்தில்.

"நிறுத்திடுங்க சார்" என்றாள் வந்தவள். "விசாரணைக்கு வந்தவங்க முன்னாடி தப்பு பண்ண மாட்டார்."

கயிற்றை மறுபடி கட்டச் சொன்னாள். கட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பெரியவரின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். முன்பே தட்டச்சு செய்து கொண்டுவந்த உத்தரவு. தேதி மட்டும் இப்போது எழுதினது.

"குற்றம் ருசுவாகியுள்ளது. பெரியவர் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தொழிற்சாலையிலிருந்து நிரந்தரமாக அகற்றப்பட வேண்டும். அவருடைய இடத்தில் பதினைந்து நாட்களுக்குள் மாற்று ஏற்பாடு செய்யப்பட வேண்டும். மாற்றாக வருவது கையைப் பார்த்தால் நிற்க வேண்டும்."

ஃபோர்மேன் கடைசி வரியைத் திரும்பப் படித்தார். 'மாற்றாக வருபவர்' என்று இல்லை. 'வருவது' என்று இருந்தது.

"இது நேரா முதலாளிக்குப் போகும்" என்றாள். "புகார் கமிட்டி உத்தரவை யாரும் அலமாரியில வைக்க முடியாது. பதினஞ்சு நாள் தாண்டினா பதில் சொல்லணும். இயந்திரப் பிரிவுக்குப் போற கடிதம் எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்."

டீச்சர் மெதுவாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோர்மேன் உத்தரவை மடித்தார். மறுபடி பிரித்தார். அந்த முதல் நாள் தொலைபேசிப் பேச்சு, ஒவ்வொரு வார்த்தையாக, வேறு அர்த்தத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மேடம், இவர் மெஷின்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவள் பேனாவை மூட வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு கை வேண்டும். கோப்பைப் பெரியவர் மேல் வைத்துவிட்டு, அதுவரை அதன் அடியில் இருந்த இடது கையை வெளியே எடுத்தாள். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன.

"'பெரியவர்'னு படிச்ச உடனேயே சார்" என்றாள். "நான் முன்ன வேலை பார்த்த ஃபேக்டரியில நாங்க தாத்தான்னு கூப்பிடுவோம்."